எந்தக் கால்பந்து அணி சிறந்தது? ஆட்ட முடிவுகளை வைத்து எடைபோடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேற்று எங்கள் அணி ஜெயித்துவிட்டது. அப்படியென்றால் எங்கள் அணிதானே சிறந்த அணி?

நேற்று ஜெயித்தது என்பது மட்டும்தான் அதிலிருந்து உறுதியாகத் தெரியும். கால்பந்தில் கோல் விழுவதே அபூர்வம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2023-24இல் 380 ஆட்டங்களில் 1,246 கோல் விழுந்தன. ஆட்டத்துக்கு 3.28 கோல், அதுவும் இரண்டு அணிக்கும் சேர்த்து. அந்த லீக்கில் அதுவரை இல்லாத சராசரி அது. இவ்வளவு குறைவாகக் கோல் விழும் விளையாட்டில், யாரோ ஒருவர் முழங்காலில் பட்டுத் திசைமாறிய ஒரு பந்து போதும், முடிவு தலைகீழாகிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சிவப்பு அணி நீல அணியோடு ஆடினால் சராசரியாக 1.5 கோல் அடிக்கும், நீல அணி 1 கோல் அடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு தெளிவாகவே மேல். ஆனால் பாய்சான் பரவல் என்கிற வழக்கமான நிகழ்தகவுக் கணக்கில் போட்டால், நூறு ஆட்டத்தில் சிவப்பு ஜெயிப்பது 49, டிரா 26, நீலம் ஜெயிப்பது 25. அதாவது உண்மையிலேயே சிறந்த அணி பாதி ஆட்டங்களைக்கூட ஜெயிப்பதில்லை, நாலில் ஒன்றில் தோற்கிறது. நேற்று நீங்கள் பார்த்தது அந்த நாலில் ஒன்றாக இருக்கலாம்.

சின்ன அணி பெரிய அணியைத் தோற்கடித்தால் அதற்கு அர்த்தமே இல்லையா?

அர்த்தம் இருக்கிறது, ஆனால் அளவாகத்தான். 2022 நவம்பர் 22, உலகக் கோப்பையில் சவூதி அரேபியா 2-1 என்று அர்ஜென்டினாவை வென்றது. அதற்கு முன் 36 ஆட்டங்கள் தோற்காமல் வந்த அணி அர்ஜென்டினா. பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் ஒரு கோல் அடித்தார், அப்புறம் முதல் பாதியிலேயே இன்னும் மூன்று தடவை பந்து வலைக்குள் போனது, மூன்றும் ஆஃப்சைடு (எதிரணியின் தடுப்பு வரிசையைத் தாண்டி முன்னால் நின்று பந்தை வாங்கும் தவறு) என்று ரத்தானது. இடைவேளை முடிந்து வந்த சவூதி, 48ஆவது நிமிடத்தில் ஒன்றும் 53ஆவது நிமிடத்தில் ஒன்றுமாக அடித்துவிட்டு, மீதி நேரம் முழுக்க உயிரைக் கொடுத்துக் காத்தது.

சவூதி தடுப்பு வரிசையை அவ்வளவு முன்னால் ஏற்றி வைத்து ஆடியதால்தான் அந்த ஆஃப்சைடுகள் வந்தன, அதனால் அந்த வெற்றியை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. ஆனால் அந்தப் பிரிவில் கடைசி இடத்தில் முடித்தது சவூதி. டிசம்பர் 18ஆம் தேதி, அதே லுசைல் மைதானத்தில் கோப்பையைத் தூக்கியது அர்ஜென்டினா. ஓர் ஆட்டம் நம் கணிப்பைக் கொஞ்சம் அசைக்க வேண்டும், புரட்டிப்போடக் கூடாது.

நேருக்கு நேர் மோதியதில் யார் ஜெயித்தார்கள் என்று பார்த்தால் போதாதா?

இந்தக் கேள்விதான் அதிகமாக வருகிறது, விவாதங்களில் அதிகமாகத் தவறாகப் பயன்படுவதும் இதுதான்.

2015-16 பிரீமியர் லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். லெஸ்டர் சிட்டி 81 புள்ளிகளுடன் சாம்பியன். இரண்டாம் இடம் ஆர்சனல், 71 புள்ளி. அந்த சீசன் முழுக்க லெஸ்டர் தோற்றது மூன்றே ஆட்டம், அதில் இரண்டு இதே ஆர்சனலிடம்! சொந்த மைதானத்தில் 2-5, வெளியே 1-2. நேருக்கு நேர்தான் தீர்ப்பு என்றால் ஆர்சனல்தான் சிறந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் ஆர்சனல் மொத்தம் ஏழு ஆட்டம் தோற்றிருந்தது. மற்ற பதினெட்டு அணிகளோடு ஆடிய 36 ஆட்டங்களைக் குப்பையில் போட்டுவிட்டு இரண்டே இரண்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வது எந்த வகையில் நியாயம்?

அந்த இரண்டாவது ஆட்டத்தையே கிட்டே போய்ப் பாருங்கள். 2016 பிப்ரவரி 14. வார்டி பெனால்டியில் அடித்து லெஸ்டர் முன்னிலையில் இருக்கிறது. 54ஆவது நிமிடத்தில் லெஸ்டரின் சிம்சனுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியேற்றம். பத்துப் பேராகத் தாக்குப்பிடிக்கிறார்கள். 70ஆவது நிமிடத்தில் வால்காட் சமன் செய்கிறார். 95ஆவது நிமிடத்தில், ஆட்டம் முடியப்போகிற நொடியில், ஒரு ஃப்ரீகிக்கில் வந்த பந்தை வெல்பெக் தலையால் முட்டி உள்ளே தள்ளுகிறார். புள்ளிப்பட்டியலில் இது வெறும் 2-1. பதினோரு பேருக்குப் பதினோரு பேர் ஆடிய நேரத்தில் யார் முன்னால் இருந்தார்கள் என்பது அந்த 2-1இல் எங்கேயும் இல்லை.

நேருக்கு நேர் முடிவையும் கணக்கில் சேருங்கள், ஆனால் மற்ற ஆட்டங்களைப் போல அதுவும் ஓர் ஆட்டம் என்ற அளவில்.

அ அணி ஆ அணியை வென்றது, ஆ அணி இ அணியை வென்றது. அப்படியானால் அ அணி இ அணியைவிடச் சிறந்ததுதானே?

1994 உலகக் கோப்பையின் ஈ பிரிவைப் பார்த்தால் இந்தக் கேள்வியே எழாது. அயர்லாந்து 1-0 என இத்தாலியை வென்றது. இத்தாலி 1-0 என நார்வேயை வென்றது. நார்வே 1-0 என மெக்சிகோவை வென்றது. மெக்சிகோ 2-1 என அயர்லாந்தை வென்றது. வட்டம் முழுமையாகிவிட்டது! மீதி இரண்டு ஆட்டமும் டிரா. நான்கு அணிக்கும் தலா 4 புள்ளி, நான்கு அணிக்கும் கோல் வித்தியாசம் (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) பூஜ்யம். அடித்த கோல்களை எண்ணி, அதிலும் சமமாக இருந்த அயர்லாந்தையும் இத்தாலியையும் நேருக்கு நேர் முடிவால் பிரித்துத்தான் வரிசைப்படுத்தினார்கள், அதில் மூன்றாவதாக வந்த இத்தாலி இறுதிப்போட்டி வரை போய், பிரேசிலிடம் பெனால்டி ஷூட்அவுட்டில்தான் தோற்றது. சங்கிலி போட்டுக்கொண்டே போனால் எந்த அணியையும் எந்த அணிக்கு மேலும் நிறுத்தலாம்.

புள்ளியைப் பார்ப்பதா, கோல் வித்தியாசத்தைப் பார்ப்பதா?

பட்டம் யாருக்கு என்று கேட்டால் புள்ளி. அதுதான் விதி, அதில் பேச்சே இல்லை. ஆனால் இனி வரும் ஆட்டங்களில் யார் நன்றாக ஆடுவார்கள் என்று கேட்டால், நான் முதலில் கோல் வித்தியாசத்தைத்தான் பார்ப்பேன். காரணம் எளிது. 1-0 வெற்றிக்கும் மூன்று புள்ளி, 4-0 வெற்றிக்கும் மூன்று புள்ளி. புள்ளிப்பட்டியல் அந்த விவரத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறது, கோல் வித்தியாசம் பத்திரமாக வைத்திருக்கிறது.

மறுபடி அதே 2015-16. சாம்பியன் லெஸ்டரின் கோல் வித்தியாசம் +32. ஆர்சனல் +29. ஆனால் 70 புள்ளிகளுடன் மூன்றாவதாக வந்த டாட்டன்ஹாம் +34, லீக்கிலேயே அதிகம். அடுத்த சீசன் என்ன ஆனது? டாட்டன்ஹாம் 86 புள்ளிகளுடன் இரண்டாம் இடம். லெஸ்டர் 44 புள்ளிகளுடன் பன்னிரண்டாம் இடம். நடுக்களத்தைத் தாங்கிப் பிடித்த கான்டே லெஸ்டரை விட்டுப் போனது உட்பட வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் கோல் வித்தியாசத்தின் தலையில் கட்டக் கூடாது. இருந்தாலும் ஒரு கோல் வித்தியாசத்தில் வரிசையாக ஜெயித்துக்கொண்டே வரும் அணியைப் பார்த்தால், அது அப்படியே தொடரும் என்று நம்புவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

புள்ளி சமமானால் என்ன செய்வது என்பதில் லீக்குகளே ஒத்துப்போவதில்லை. ஸ்பெயினில் 2006-07இல் ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டும் 76 புள்ளி. பார்சிலோனாவின் கோல் வித்தியாசம் +45, மாட்ரிட்டுடையது +26. ஆனால் அங்கே நேருக்கு நேர் முடிவுதான் விதி. 2-0, 3-3 என்று முடித்திருந்த மாட்ரிட்டுக்குப் பட்டம் போனது. அதே கணக்கு, கோல் வித்தியாசம் பார்க்கும் இங்கிலாந்தில் நடந்திருந்தால் பார்சிலோனா சாம்பியன். ஆடியது அதே ஆட்டங்கள்தான், விதி மாறினால் சாம்பியனும் மாறுகிறது.

7-1 என்று ஜெயித்தால் ஏழு மடங்கு சிறந்த அணியா?

இல்லை. 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசிலை 7-1 என வென்ற ஜெர்மனி, 29ஆவது நிமிடத்துக்குள் ஐந்து கோல் அடித்துவிட்டது. அந்த மூன்றாவது, நான்காவது கோலுக்கு அப்புறம் களத்தில் நின்ற பிரேசில் வேறு மாதிரி அணி, மனம் உடைந்துபோன அணி. காயத்தால் நெய்மாரும், மஞ்சள் அட்டைகளால் கேப்டன் சில்வாவும் ஆடவில்லை என்பதும் சேர்த்தி.

இன்னும் நல்ல உதாரணம் 1954 உலகக் கோப்பை. பிரிவு ஆட்டத்தில் ஹங்கேரி 8-3 என மேற்கு ஜெர்மனியை நொறுக்கியது. ஜெர்மனி அன்று தன் முக்கிய ஆட்டக்காரர்கள் பலரை உட்கார வைத்திருந்தது. இரண்டு வாரத்தில் இறுதிப்போட்டி, அதே இரண்டு அணிகள், ஜெர்மனி 3-2. அந்த எட்டு கோலை அப்படியே நம்பியவர்கள் ஏமாந்திருப்பார்கள். அதனால் நான் கணக்குப் போடும்போது வித்தியாசம் மூன்றைத் தாண்டினால் மூன்று என்றே எழுதிக்கொள்கிறேன். ஐந்தாவது கோல் முதல் கோல் அளவுக்குச் செய்தி சொல்வதில்லை.

சரி, எத்தனை ஆட்டம் பார்த்தால் நம்பலாம்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். முற்றிலும் சமமான இரண்டு அணிகள், 38 ஆட்டம் கொண்ட ஒரு லீக்கில் ஆடுகின்றன என்று வைப்போம். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஜெயிக்க 37 சதவீதம், டிரா 26, தோற்க 37. ஓர் ஆட்டத்தில் கிடைக்கும் புள்ளியின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, சுமார் 1.3 வருகிறது. 38 ஆட்டத்துக்கு அது 8 புள்ளி. இரண்டு அணிகளுக்கும் இடையிலான வித்தியாசம் என்று பார்த்தால் 11 புள்ளிக்கு மேல். அதாவது ஒரு குறையும் இல்லாமல் சரிசமமான இரண்டு அணிகளில்கூட, பத்து சீசனில் மூன்று சீசன் அளவுக்கு, ஒன்று மற்றதைவிட 11 புள்ளிக்கு மேல் முன்னால் முடிக்கும், வெறும் தற்செயலில்!

நான் முதல் தடவை இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். அதே எண்தான் வந்தது. பட்டியலில் மேலே இருக்கும் அணிகளுக்கு இந்த ஊசலாட்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இப்போது 2018-19 பிரீமியர் லீக்கைப் பாருங்கள். மான்செஸ்டர் சிட்டி 98, லிவர்பூல் 97. அந்த லீக் முழுக்க லிவர்பூல் தோற்றது ஒரே ஓர் ஆட்டம், சிட்டியிடம் 2-1. அந்த ஆட்டத்தில் கோல்கோட்டின் மேல் உருண்டுகொண்டிருந்த பந்தை ஸ்டோன்ஸ் ஓடிவந்து வெளியே தட்டினார். முழுப்பந்தும் கோட்டைத் தாண்ட இன்னும் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் பாக்கி இருந்தது. பட்டம் சிட்டிக்கு, சரியாகவே போனது. ஆனால் அந்த ஒரு புள்ளியை வைத்து சிட்டிதான் சிறந்த அணி என்று யாராவது என்னிடம் சொன்னால், நான் அந்தப் பந்தைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சொந்த மைதானம் அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். ரசிகர்கள், பழகிய புல்தரை, பயணக் களைப்பு இல்லாமை, நடுவர் மேல் கூட்டத்தின் அழுத்தம் எல்லாம் சேர்ந்து ஆட்டத்துக்குக் கால் முதல் அரை கோல் வரை சொந்த அணிக்குச் சாதகம் என்று வைத்துக்கொள்ளலாம். கொரோனாவால் பெரும்பாலும் ஆளில்லாத மைதானங்களில் நடந்த 2020-21 பிரீமியர் லீக்கில் சொந்த மைதான வெற்றி 144, வெளி மைதான வெற்றி 153. அந்த லீக்கில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. கூட்டம் போனால் சாதகமும் போய்விடுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான காட்சி கிடைக்காது.

அதனால் பாதி சீசனில் பட்டியலைப் பார்க்கும்போது, யார் எத்தனை ஆட்டம் வெளியே ஆடியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பலமான அணிகளை எல்லாம் வெளியே போய்ச் சந்தித்துவிட்ட அணி பட்டியலில் ஐந்தாவதாக இருந்தாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறது.

கோப்பை ஜெயித்த அணிதானே நாட்டிலேயே, கண்டத்திலேயே சிறந்த அணி?

நாக் அவுட் போட்டி சாம்பியனைத் தேர்ந்தெடுக்கிறது. சிறந்த அணியைத் தேடிக் கண்டுபிடிப்பது அதன் வேலையே இல்லை. 2004 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) கிரீஸ் போர்ச்சுகலை, போர்ச்சுகல் மண்ணிலேயே, தொடக்க ஆட்டத்தில் 2-1 என்றும் இறுதிப்போட்டியில் 1-0 என்றும் இரண்டு தடவை வென்றது. ஒரு தடவை என்றால் தற்செயல் எனலாம், இரண்டு தடவை என்றால் அந்தத் தடுப்பாட்டத்துக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும். ஆனாலும் 2006 உலகக் கோப்பைக்குக் கிரீஸ் தகுதியே பெறவில்லை, போர்ச்சுகல் அரையிறுதி வரை போனது.

லீக் கட்டமும் குறுகியதாக இருந்தால் இதே கதைதான். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் 2024-25 சாம்பியன்ஸ் லீக்கில் 36 அணிகள், ஆளுக்கு எட்டு ஆட்டம், ஒரே பட்டியல். முதலிடம் லிவர்பூல். பதினைந்தாம் இடம் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன். அந்தப் பதினைந்தாம் இடத்து அணிதான் அடுத்த சுற்றுகளில் லிவர்பூலையே பெனால்டியில் வெளியேற்றி, இறுதிப்போட்டியில் இன்டர் மிலானை 5-0 என்று வென்றது. எட்டு ஆட்டம், அதுவும் ஒவ்வோர் அணிக்கும் வெவ்வேறு எதிரிகள். அதை வைத்து 36 அணிகளையும் துல்லியமாக வரிசைப்படுத்த முடியாது.

பெனால்டி ஷூட்அவுட் முடிவை நான் டிரா என்றே எழுதிக்கொள்கிறேன்.

எலோ, பிஃபா தரவரிசை என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது?

அர்பாத் எலோ என்கிற இயற்பியல் பேராசிரியர் சதுரங்கத்துக்காக அமைத்த முறை அது. ஒவ்வோர் அணிக்கும் ஓர் எண். ஆட்டத்துக்கு முன், எண்களின் வித்தியாசத்தை வைத்து எதிர்பார்ப்பு ஒன்றைக் கணக்கிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிர்பார்ப்புக்கு மேல் செய்தால் எண் ஏறும், கீழே போனால் இறங்கும். 2018 முதல் உலகக் கால்பந்து அமைப்பான பிஃபாவும் ஆண்கள் தரவரிசையில் இதைத்தான் பின்பற்றுகிறது.

இரண்டு அணிகளுக்கு இடையே 300 புள்ளி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஃபா சூத்திரப்படி பலமான அணியின் எதிர்பார்ப்பு 0.76. உலகக் கோப்பைப் பிரிவு ஆட்டத்தின் எடை 50. பலமான அணி ஜெயித்தால் 50 × (1 − 0.76), வெறும் 12 புள்ளி ஏறும். டிரா என்றால் 13 இறங்கும். தோற்றால் 38 இறங்கும். யாரை வென்றாய் என்ற கேள்வியை இந்த முறை ஒருபோதும் மறப்பதில்லை, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். குறையும் உண்டு. பிஃபா கணக்கில் 1-0வும் 6-0வும் ஒன்றுதான், சொந்த மைதானமும் சேராது. ரசிகர்கள் பராமரிக்கும் உலகக் கால்பந்து எலோ பட்டியல் இரண்டையும் சேர்க்கிறது, சொந்த மைதான அணிக்கு 100 புள்ளி கூட்டிக்கொண்டுதான் எதிர்பார்ப்பைப் போடுகிறது. என் தேர்வு இரண்டாவதுதான்.

எக்ஸ்ஜி பார்த்தால் முடிவையே பார்க்க வேண்டாமா?

ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று கூட்டிச் சொல்வது எக்ஸ்ஜி. பெனால்டி என்றால் 0.8க்குக் கொஞ்சம் குறைவு, முப்பது மீட்டரிலிருந்து அடித்தால் நூறில் சில பங்குதான். பத்துப் பன்னிரண்டு ஆட்டம்தான் ஆகியிருக்கிறது என்றால் கோலைவிட இது நல்ல சாட்சி, ஏனென்றால் ஷாட்டுகள் கோல்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் 2-0 என முன்னிலையில் இருக்கும் அணி வேண்டுமென்றே பின்வாங்கி எதிரியை அடிக்கவிடும், அப்போது தோற்கும் அணியின் எக்ஸ்ஜி ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்துவிட்டு "நியாயமாக நாங்கள்தான் ஜெயித்திருக்க வேண்டும்" என்று சொல்வது சரியில்லை.

சீசன் முழுக்கத் தோற்காத அணி என்றால் சந்தேகமே இல்லையே?

1978-79இல் இத்தாலியின் பெருஜா 30 ஆட்டமும் தோற்கவில்லை, 11 வெற்றி, 19 டிரா. ஆனால் இரண்டாம் இடம்தான், பட்டம் மிலானுக்குப் போனது. 2003-04 ஆர்சனலும் தோற்கவில்லை, 90 புள்ளி. 2017-18 மான்செஸ்டர் சிட்டி இரண்டு ஆட்டம் தோற்றது, ஆனால் 100 புள்ளி. தோல்வி இல்லை என்பது அழகான சாதனை, ஆர்சனல் ரசிகர்கள் அதைக் கொண்டாடுவதில் எனக்கும் சந்தோஷம்தான். பலத்தை அளக்க என்றால் நான் அந்த 100ஐத்தான் எடுப்பேன்.

அமெரிக்கக் கால்பந்துக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், இன்னும் கடுமையாக. அங்கத்திய தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள், லீக் கட்டத்தில் ஆளுக்கு 17 ஆட்டம்தான், பல அணிகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. 2007 சீசனில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் லீக் ஆட்டம் பதினாறையும் ஜெயித்தது (அப்போது பதினாறுதான்). கடைசி லீக் ஆட்டத்தில் 38-35 என வென்ற அதே நியூயார்க் ஜயன்ட்ஸிடம் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் 14-17 எனத் தோற்றது. ஒரு வித்தியாசம், அங்கே ஓர் ஆட்டத்தில் நிறையப் புள்ளிகள் விழுவதால் வித்தியாசம் சொல்லும் செய்தியும் கூடுதல்.

கணினி இல்லை, ஒரு தாளும் பேனாவும்தான் இருக்கின்றன. இரண்டு அணிகளில் எது சிறந்தது என்று எப்படிப் போட்டுப் பார்ப்பது?

இரண்டு அணிகளும் கடைசியாக ஆடிய 15, 20 ஆட்டங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கோல் வித்தியாசம், மூன்றுக்கு மேல் போனால் மூன்று. சொந்த மைதானம் என்றால் 0.3 கழியுங்கள், வெளியே என்றால் 0.3 கூட்டுங்கள். சீக்கிரமே சிவப்பு அட்டை வந்த ஆட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுப் பாதி எடை கொடுங்கள். எல்லாவற்றுக்கும் சராசரி எடுங்கள். அப்புறம் இதை விட்டுவிடாதீர்கள், பலரும் விடுவது இங்கேதான்: அவர்கள் சந்தித்த எதிரிகளின் சீசன் கோல் வித்தியாசத்தை, ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்து, அதற்கும் ஒரு சராசரி எடுத்துக் கூட்டுங்கள்.

சிவப்பு அணியின் சராசரி +0.8 என்று வருகிறது. ஆனால் சந்தித்ததெல்லாம் நோஞ்சான் அணிகள், எதிரிகளின் சராசரி −0.3. ஆக +0.5. நீல அணியின் சராசரி +0.4தான், ஆனால் எதிரிகள் பலசாலிகள், +0.3. ஆக +0.7. பட்டியலில் கீழே இருந்தாலும் நீலம் 0.2 கோல் மேல். அடுத்த ஆட்டம் சிவப்பின் மைதானத்தில் என்றால் அதற்கு 0.3 கூட்டுங்கள், இப்போது சிவப்பு 0.1 முன்னால். இந்த அளவு வித்தியாசம் என்றால் தாளில் "சமம்" என்று எழுதிவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள். முடிந்ததும் அந்த முடிவைக் கீழே சேர்த்து, மேலே இருக்கும் மிகப் பழைய ஆட்டத்தை அடித்துவிட்டு, மறுபடி கூட்டுங்கள்.